லினக்ஸுக்கு ஏற்ற வன்பொருள்: உரிமத்தைப் பார்ப்பது முதல் உதவி கேட்பது வரை ஒரு முழுமையான வழிகாட்டி

லினக்ஸ் பயன்படுத்துவோரிடம் அடிக்கடி எழும் கேள்விகள் மூன்று. இந்த மென்பொருளை அதன் உரிமப்படி நான் பயன்படுத்தலாமா, எந்த வன்பொருளை வாங்குவது, வாங்கியது வேலை செய்யாவிட்டால் யாரிடம் எப்படிக் கேட்பது என்பவை அவை. இவற்றைத் தனித்தனியாகப் பேசுவதே வழக்கமாக இருக்கிறது. ஆனால் ஒரு வைஃபை அட்டை திடீரென வேலை செய்யாமல் போனால் மூன்று கேள்விகளும் ஒன்றாகிவிடுகின்றன. அந்த அட்டையின் இயக்கி (அதைக் கணினியோடு பேச வைக்கும் நிரல், டிரைவர்) எந்த உரிமத்தில் இருக்கிறது, அதன் மூலநிரல் யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தே அந்த அட்டை எத்தனை ஆண்டுகள் உழைக்கும் என்பதும், சிக்கல் வரும் நாளில் யாரால் உதவ முடியும் என்பதும் பெரும்பாலும் அமைகின்றன. ஆகவே உரிமத்திலிருந்தே தொடங்குவோம்.

படி 1: உரிமத்தில் எதைத் தேடுவது

உரிம ஆவணங்களை முழுவதும் வாசிப்பவர்கள் குறைவு. சாதாரணப் பயனர் அப்படி வாசிக்க வேண்டிய தேவையும் இல்லை. பயன்படுத்துவதற்கு நிபந்தனை ஏதும் உண்டா, மூலநிரலைப் பார்த்து மாற்ற முடியுமா, பிறருக்குக் கொடுத்தால் என்ன கடமை வந்து சேரும் என்ற மூன்றுக்கும் விடை கிடைத்தால் போதும்.

கட்டற்ற மென்பொருள் உரிமங்களில் ஒன்றான ஜிபிஎல்லைக் கண்டு தேவையின்றி அஞ்சும் நிறுவனங்கள் இன்னமும் இருக்கின்றன. அந்த உரிமத்தில் வெளியான ஒரு நிரலை எத்தனை கணினிகளிலும் நிறுவலாம், வணிகத்துக்குப் பயன்படுத்தலாம், உள்ளுக்குள் மாற்றியும் கொள்ளலாம். மாற்றிய நிரலை வெளியாருக்குக் கொடுக்கும்போதுதான் அதன் மூலநிரலையும் அதே உரிமத்தில் கொடுக்க வேண்டிய கடமை எழுகிறது. ஏஜிபிஎல் உரிமம் இன்னும் ஒரு படி மேலே சென்று, மாற்றிய நிரலை இணையச் சேவையாக இயக்கி அதைப் பிறர் பயன்படுத்தினாலும் அவர்களுக்கு மூலநிரல் கிடைக்கச் செய்ய வேண்டும் என்கிறது. எம்ஐடி, பிஎஸ்டி உரிமங்கள் பதிப்புரிமைக் குறிப்பை நீக்காமல் வைத்திருந்தால் போதும் என்ற அளவில் நின்றுவிடுகின்றன.

உண்மையில் கவனம் தேவைப்படுவது காசு கொடுக்காமல் பதிவிறக்கக் கிடைக்கும் மூடிய மென்பொருள்களில்தான். ஒரு கணினிக்குள் இன்னொரு மெய்நிகர்க் கணினியை இயக்க உதவும் விர்ச்சுவல்பாக்ஸ் இதற்குப் பொருத்தமான எடுத்துக்காட்டு. அதன் அடிப்படைத் தொகுப்பு ஜிபிஎல் உரிமம் கொண்டது. ஆனால் அதனுடன் சேர்த்து நிறுவப்படும் விரிவாக்கத் தொகுப்புக்குத் தனி உரிமம் உண்டு, அது சொந்தப் பயன்பாட்டுக்கும் கல்விக்கும் மதிப்பீட்டுக்குமே கட்டணமில்லாமல் இடம் தருகிறது. அலுவலகக் கணினியில் யாரோ ஒருவர் போகிற போக்கில் அதை நிறுவிவிட்டால் அந்த நிறுவனம் உரிமத்தை மீறியதாகிவிடும்.

உரிமங்கள் மாறவும் கூடும். 2024 மார்ச்சில் ரெடிஸ் தரவுத்தளம் பிஎஸ்டி உரிமத்தைக் கைவிட்டபோது, அதற்கு முன் வெளியான பதிப்புகளின் உரிமத்தை எவராலும் பறிக்க முடியவில்லை. அந்தப் பழைய நிரலிலிருந்தே வால்கீ என்ற கிளைத் திட்டம் பிறந்தது. ஒரு திட்டத்தின் பதிப்புரிமை முழுவதும் ஒரே நிறுவனத்திடம் இருந்தாலோ, பங்களிப்பாளர்கள் தங்கள் உரிமைகளை அந்த நிறுவனத்துக்கு எழுதிக் கொடுத்திருந்தாலோ, இத்தகைய மாற்றம் எளிதாக நடக்கும். லினக்ஸின் மையப் பகுதியான கர்னல் இதற்கு நேர்மாறானது. 1992இல் ஜிபிஎல் உரிமத்துக்கு வந்த அது, இன்று ஜிபிஎல் பதிப்பு 2 என்பதில் மட்டுமே நிற்கிறது. ஆயிரக்கணக்கானோர் தாங்கள் எழுதிய நிரல் வரிகளுக்குப் பதிப்புரிமை வைத்திருப்பதால், எல்லோரையும் கேட்டு அதை மாற்றுவது நடைமுறையில் இயலாத காரியம். வன்பொருள் வாங்குபவருக்கு இது பெரிய பலம். அது எப்படி என்பது அடுத்த படியில் தெரியும்.

படி 2: இயக்கி எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்தல்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியை மட்டும் பின்பற்ற நேரம் இருக்கிறது என்றால் இதைப் பின்பற்றுங்கள். ஒரு சாதனத்தின் இயக்கி மூன்று இடங்களில் ஒன்றில் இருக்கும்: கர்னலின் மூலநிரல் மரத்துக்குள் இருக்கலாம், மூலநிரல் திறந்திருந்தும் கர்னலுக்கு வெளியே தனியாகப் பராமரிக்கப்படலாம், அல்லது உற்பத்தியாளர் தரும் மூடிய இரும நிரலாக இருக்கலாம்.

இந்த வேறுபாடு ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், லினக்ஸ் கர்னல் தன் உள் இடைமுகங்களை நிலையாக வைத்திருப்பதாக யாருக்கும் உறுதி அளிப்பதில்லை. பயனர் நிரல்களுக்கும் கர்னலுக்கும் இடையிலுள்ள இடைமுகம் உடையக் கூடாது என்பதில் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் கண்டிப்பாக இருப்பவர். ஆனால் கர்னலுக்கும் அதன் இயக்கிகளுக்கும் இடையிலுள்ளது எந்த வெளியீட்டிலும் மாறலாம். ஒரு செயல்கூறின் வடிவத்தை மாற்றுகிறவரே கர்னல் மரத்துக்குள் அதைப் பயன்படுத்தும் எல்லா இயக்கிகளையும் சேர்த்துத் திருத்த வேண்டும் என்பது அங்குள்ள நடைமுறை. மரத்துக்குள் இருக்கும் இயக்கி, அதை எழுதியவர் வேறு வேலைக்குப் போய்விட்டாலும், இவ்வாறு அடுத்தவர் கையால் புதுப்பிக்கப்பட்டுக்கொண்டே வருகிறது. வெளியே இருக்கும் இயக்கிக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. ஒன்பது, பத்து வாரங்களுக்கு ஒருமுறை புதிய கர்னல் வெளிவரும்போதெல்லாம் யாராவது அதைத் திருத்தித் தர வேண்டும். திருத்துபவர் சலித்துவிட்டால் அன்றோடு அந்தச் சாதனத்தின் கதை முடிந்தது. மூடிய இயக்கியாக இருந்தால், திருத்த விரும்பும் மூன்றாம் நபருக்கும் வழியில்லை.

2012இல் சந்தைக்கு வந்த இரண்டு வரைகலை அட்டைகளை ஒப்பிட்டால் இது விளங்கும். அந்த ஆண்டு என்விடியா வெளியிட்ட கெப்ளர் தலைமுறைக்கு அந்நிறுவனத்தின் மூடிய இயக்கியில் 470 வரிசையே கடைசி. அதற்குப் பிறகு அந்த அட்டை வைத்திருப்பவர் பழைய வரிசையைப் பிடித்துத் தொங்க வேண்டும், அல்லது ஆர்வலர்கள் மீள்பொறியியல் வழியே உருவாக்கிய நூவோ இயக்கிக்கு மாற வேண்டும். அதே காலத்து ஏஎம்டி ரேடியான் எச்டி 7000 வரிசையின் ஜிசிஎன் அட்டைகளோ கர்னலுக்குள் இருக்கும் திறந்த இயக்கியாலும் மெசா என்ற திறந்த வரைகலை நூலகத்தாலும் புதிய கர்னல்களிலும் தனி நிறுவல் எதுவுமின்றி இயங்குகின்றன. வாங்கிய நாளில் எது வேகமானது என்பது வேறு கேள்வி.

ஓர் இயக்கியின் உரிமத்தைக் கணினியிலேயே பார்க்கலாம். முனையத்தில் மோட்இன்ஃபோ என்ற கட்டளையோடு கர்னல் கூறின் (கர்னலில் ஏற்றப்படும் இயக்கிக் கோப்பின்) பெயரைக் கொடுத்தால், அதன் உரிமமும் கோப்பு இருக்கும் இடமும் தெரியும். ஜிபிஎல் அல்லது அதனுடன் ஒத்துப்போகும் உரிமம் தன்னிடம் இல்லை என்று அறிவிக்கும் கூறுக்கு, கர்னல் தன் செயல்கூறுகளில் ஒரு பகுதியைப் பயன்படுத்த விடுவதில்லை. உரிமம் என்பது நீதிமன்றத்து விவகாரம் மட்டும்தான் என்று நினைப்பவர்கள் இதைப் பார்க்க வேண்டும். இங்கே அது நிரலே நேரடியாகச் சோதிக்கும் ஒரு மதிப்பு.

படி 3: பாகம் பாகமாகத் தேர்ந்தெடுத்தல்

செயலி, முதன்மைப் பலகை, நினைவகம், சேமிப்பு ஆகியவற்றில் இன்று கவலைப்பட அதிகம் இல்லை. சாதாரண என்விஎம்இ, சாட்டா வட்டுகள் பொதுத் தரங்களின்படி நடப்பதால் உபுண்டு, டெபியன் போன்ற எந்த லினக்ஸ் வழங்கலிலும் வேலை செய்யும். ஒரே எச்சரிக்கை, சந்தைக்கு வந்து சில வாரங்களே ஆன தலைமுறையை நீண்ட கால ஆதரவு வழங்கல் ஒன்றில் நிறுவ முயல வேண்டாம் என்பதுதான். வழங்கலின் கர்னல் அந்த வன்பொருளைவிடப் பழையதாக இருக்கும். உபுண்டுவின் வன்பொருள் ஆதரவுக் கர்னலோ டெபியனின் பின்பெயர்ப்புக் (பேக்போர்ட்ஸ்) களஞ்சியமோ அப்போது கை கொடுக்கும்.

வரைகலையில் இன்டெல், ஏஎம்டி இரண்டுக்கும் இயக்கிகள் கர்னலுக்குள்ளேயே இருக்கின்றன. ஏஎம்டியின் இன்றைய இயக்கி 2015இல் வெளியான கர்னல் 4.2 முதல் அங்கே இருக்கிறது. என்விடியா 2022 மே மாதத்தில் தன் கர்னல் கூறுகளின் மூலநிரலை எம்ஐடி, ஜிபிஎல் என்ற இரட்டை உரிமத்தில் வெளியிட்டது. அவை டூரிங் தலைமுறை முதல் உள்ள அட்டைகளுக்கு உரியவை. இதைக் கேட்டு என்விடியா முழுவதும் திறந்துவிட்டது என்று எண்ணிவிடக் கூடாது. அந்தக் கூறுகள் கர்னல் மரத்துக்கு வெளியேதான் இருக்கின்றன, ஓபன்ஜிஎல், வல்கன், கூடா (CUDA, வரைகலை அட்டையில் கணக்கீடு செய்ய உதவும் என்விடியாவின் தளம்) ஆகிய பயனர் பக்க நூலகங்கள் மூடியே உள்ளன, பணியின் பெரும்பகுதியும் அட்டைக்குள் ஏற்றப்படும் ஃபெர்ம்வேருக்கு நகர்ந்துவிட்டது. கூடா கட்டாயம் தேவைப்படும் வேலை செய்பவருக்கு வேறு வழி குறைவு. அவர் டூரிங் அல்லது அதற்குப் பிந்தைய அட்டையை வாங்குவதே சரி. மற்றவர்களுக்கு, என் கணிப்பில், இன்டெல்லோ ஏஎம்டியோ போதும், தலைவலியும் குறைவு.

வைஃபை அட்டையில்தான் மக்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். பெட்டியின் மேல் அச்சிட்ட பெயரை வைத்து யூஎஸ்பி வைஃபை வாங்குவது நம்பக்கூடிய வழி அல்ல, ஏனெனில் ஒரே மாதிரி எண்ணின் கீழ் உற்பத்தியாளர்கள் சில்லை மாற்றிக்கொண்டே இருப்பார்கள்; முதல் திருத்தத்தில் ஒரு நிறுவனத்தின் சில்லும் இரண்டாம் திருத்தத்தில் முற்றிலும் வேறான இன்னொன்றும் இருப்பது சாதாரணம். தேட வேண்டியது சில்லின் பெயரை. இன்டெல்லின் மடிக்கணினி அட்டைகளுக்கும், மீடியாடெக்கின் எம்டி76 குடும்பத்துக்கும் கர்னலுக்குள்ளேயே நல்ல இயக்கிகள் உண்டு. ரியல்டெக் நீண்ட காலம் வெளி இயக்கிகளால் பெயர் கெட்டிருந்தது. ஆர்டிடபிள்யூ88, ஆர்டிடபிள்யூ89 என்ற இயக்கிகள் கர்னலுக்குள் வந்த பிறகு நிலைமை தேறியிருக்கிறது. ஆயினும் முதலாவதில் யூஎஸ்பி ஆதரவு 2023இல் வெளியான கர்னல் 6.2 முதல்தான் தொடங்கியது என்பதால், அதற்கு முந்தைய கர்னல் வைத்திருப்போர் கவனிக்க வேண்டும். பிராட்காமின் பழைய மடிக்கணினி அட்டைகள் பலவற்றுக்குத் தேவைப்படும் மூடிய இயக்கியை அந்நிறுவனம் கடைசியாக வெளியிட்டது 2015இல். அதன் உள்ளே இருக்கும் இரும நிரலை யாராலும் தொட முடியாத நிலையில், சுற்றியுள்ள சிறிய திறந்த பகுதிக்கு மட்டும் ஒவ்வொரு புதிய கர்னலுக்கும் ஒட்டுப் போட்டு வழங்கல்கள் அதை ஓட்டி வருகின்றன. கிழிந்த குடைக்கு ஒட்டுத் துணி தைப்பது போன்ற வேலை அது. அத்தகைய அட்டை கொண்ட பழைய மடிக்கணினியில், அட்டை கழற்றக்கூடியதாக இருந்தால், இன்டெல் அட்டையாக மாற்றிவிடுவது இயக்கியோடு போராடுவதைவிட மலிவு. சில மடிக்கணினிகளின் பயாஸ் அனுமதித்த அட்டைகளை மட்டுமே ஏற்கும் என்பதை மட்டும் முன்கூட்டிப் பார்த்துக்கொள்ளவும்.

அச்சுப்பொறியில், ஐபிபி எவ்ரிவேர் அல்லது ஏர்பிரிண்ட் என்ற அச்சுத் தரத்துக்கு ஆதரவு இருக்கிறதா என்று பார்த்தால் போதும். இருந்தால் லினக்ஸின் அச்சிடும் அமைப்பான கப்ஸ் தனி இயக்கி இல்லாமலே அச்சிடும். கைரேகை உணரிகள் வேலை செய்யும் என்று எண்ணி மடிக்கணினி வாங்க வேண்டாம், லிப்எஃப்பிரிண்ட் திட்டத்தின் ஆதரவுப் பட்டியலில் அந்த உணரியின் எண் இருந்தாலன்றி.

மடிக்கணினியின் உறக்க நிலை தனியே சொல்லத் தக்கது. பல புதிய மடிக்கணினிகள் நினைவகத்துக்கு மட்டும் மின்சாரம் தரும் எஸ்3 என்னும் பழைய ஆழ் உறக்கத்தைக் கைவிட்டு, செயலியைத் தாழ்ந்த நிலையில் வைத்திருக்கும் முறைக்கு மாறிவிட்டன. இந்த இரண்டாவது முறையில் ஏதேனும் ஒரு சாதனத்தின் இயக்கி ஒத்துழைக்காவிட்டால், மூடிய மடிக்கணினி பைக்குள்ளேயே சூடாகி மின்கலத்தைக் கரைத்துவிடும். விவரக்குறிப்பு அட்டவணை எதிலும் இது வராது. சோதித்துத்தான் அறிய வேண்டும்.

படி 4: வாங்கும் முன்பும் நிறுவும் முன்பும் சோதித்தல்

ஒவ்வொரு பிசிஐ, யூஎஸ்பி சாதனத்துக்கும் உற்பத்தியாளர் எண், சாதன எண் என இரண்டு அடையாளங்கள் உண்டு. இன்டெல்லின் பிசிஐ எண் 8086, ஏஎம்டியின் வரைகலைப் பிரிவுக்கு 1002. எல்எஸ்பிசிஐ கட்டளையை என்என்கே என்ற தெரிவோடு இயக்கினால், இந்த எண்களும் ஒவ்வொரு சாதனத்தையும் இப்போது எந்த இயக்கி கையாள்கிறது என்பதும் ஒன்றாகத் தெரியும். யூஎஸ்பிக்கு எல்எஸ்யூஎஸ்பி கட்டளை. இணையத்தில் தேடும்போது விற்பனைப் பெயரைவிட இந்த எண் இணையே சரியான இடத்துக்குக் கொண்டு செல்லும்.

கணினி கையில் கிடைத்தால், ஒரு யூஎஸ்பி குச்சியில் லைவ் முறையில் லினக்ஸை ஏற்றி, வட்டில் எதையும் நிறுவாமல் சோதிக்கலாம். வைஃபையும் ஒலியும் வருகின்றனவா என்று மட்டும் பார்த்து நிறுத்திவிடாதீர்கள். ஒலிவாங்கியில் பேசிப் பதிவு செய்யுங்கள், கேமராவைத் திறங்கள், வெளித் திரையை இணையுங்கள், மூடியை மூடி உறங்க வைத்து எழுப்பியபின் வைஃபை மீண்டும் இணைகிறதா என்று பாருங்கள். உறக்கத்திலிருந்து எழும்போதுதான் அரைகுறை இயக்கிகள் தங்கள் குணத்தைக் காட்டும். மேற்சொன்ன கட்டளைகளின் வெளியீட்டையும் அந்தக் குச்சியிலேயே ஒரு கோப்பில் சேமித்து வைத்தால், பின்னர் உதவி கேட்கும்போது பயன்படும்.

படி 5: நிறுவும்போது வரும் உரிமத் தேர்வுகள்

நிறுவலின் நடுவே, மூன்றாம் தரப்பு மென்பொருளைச் சேர்க்கவா என்று உபுண்டு கேட்கும். ஃபெடோரா காப்புரிமைச் சிக்கல் உள்ள சில வீடியோ கோடெக்குகளையும் மூடிய இயக்கிகளையும் தன் முதன்மைக் களஞ்சியத்தில் வைப்பதில்லை. அவற்றுக்குப் பயனர்கள் ஆர்பிஎம் ஃபியூஷன் என்ற வெளிக் களஞ்சியத்தை நாடுகிறார்கள். டெபியன் இதைப் பற்றி நீண்ட காலம் விவாதித்து, 2022இல் வாக்கெடுப்பும் நடத்தி, 2023 ஜூனில் வெளியான டெபியன் 12 முதல் கட்டற்றதல்லாத ஃபெர்ம்வேரை நிறுவல் பிம்பத்திலேயே சேர்க்கத் தொடங்கியது. அதற்கு முன் வைஃபை மட்டுமே உள்ள மடிக்கணினியில் டெபியனை நிறுவ முயன்றவர்களுக்கு, ஃபெர்ம்வேரைப் பதிவிறக்க இணையம் வேண்டும், இணையம் வர ஃபெர்ம்வேர் வேண்டும் என்ற சுழல் நன்கு பழக்கம்.

இயக்கியும் ஃபெர்ம்வேரும் வேறு வேறு என்பதை இங்கே பிரித்தறிய வேண்டும். இயக்கி உங்கள் செயலியில், கர்னலின் பகுதியாக ஓடுவது. ஃபெர்ம்வேர் சாதனத்தின் சில்லுக்குள் ஏற்றப்பட்டு அங்கே ஓடுவது. கர்னலுக்குள் திறந்த இயக்கி உள்ள ஏஎம்டி, இன்டெல் சாதனங்களும் மூடிய ஃபெர்ம்வேர் கோப்புகளை எதிர்பார்க்கின்றன. முழுக் கொள்கைப் பிடிப்போடு அதையும் தவிர்க்க விரும்புவோர் மூடிய நிரல்கள் நீக்கப்பட்ட லினக்ஸ்-லிப்ரே கர்னலையும், ஃபெர்ம்வேர் ஏற்றத் தேவையில்லாத ஏதெரோசின் பழைய ஏடிஎச்9கே அட்டைகளையும் தேடுகிறார்கள். அது மதிக்கத் தக்க நிலைப்பாடு. வைஃபையில் வேகத்தை விட்டுக்கொடுத்தே அதை அடைய முடியும் என்பது தெரிந்து இறங்க வேண்டும்.

கர்னலுக்கு வெளியே உள்ள இயக்கியை நிறுவ நேர்ந்தால், உற்பத்தியாளர் தளத்திலிருந்து நேரடியாக நிறுவியைப் பதிவிறக்காமல், உங்கள் வழங்கலின் களஞ்சியத்தில் உள்ள தொகுப்பையே எடுங்கள். டிகேஎம்எஸ் முறையில் வரும் தொகுப்பு ஒவ்வொரு கர்னல் புதுப்பித்தலின்போதும் இயக்கியைத் தானாகவே மீண்டும் தொகுக்கும். கையொப்பமிட்ட நிரல்களை மட்டும் ஏற்க விடும் செக்யூர் பூட் இயங்கும் கணினியில், இவ்வாறு உள்ளூரில் தொகுத்த கூறு உங்கள் சொந்தச் சாவியால் கையொப்பமிடப்பட வேண்டும். மறுதொடக்கத்தின்போது சாவியைப் பதிவு செய்யச் சொல்லி வரும் நீலத் திரையைப் பலர் பிழை என்று நினைத்துத் தாண்டிவிடுகிறார்கள், பிறகு இயக்கி ஏற்றப்படவில்லை என்று உதவி கேட்கிறார்கள். நிறுவும்போது கேட்ட கடவுச்சொல்லை அந்தத் திரையில் கொடுத்துப் பதிவை முடிக்க வேண்டும்.

படி 6: உதவி கேட்டல்

வைஃபை வேலை செய்யவில்லை என்ற ஒற்றை வரிக்கு எவராலும் பதில் சொல்ல இயலாது. சாதனத்தின் எண் இணை, வழங்கலின் பெயரும் பதிப்பும், கர்னல் பதிப்பு, இதற்கு முன் எப்போதாவது வேலை செய்ததா, கடைசியாக என்ன மாற்றினீர்கள் என்பவை முதல் செய்தியிலேயே இருந்தால் பாதி வேலை முடிந்தது. இன்க்சி கருவி வன்பொருள் விவரங்களை ஒரே பக்கத்தில் திரட்டித் தரும். அதன் இசட் தெரிவு வலையட்டை முகவரி போன்ற அடையாளங்களை மறைத்துவிடும் என்பதால் பொதுவில் ஒட்டும்போது அதைச் சேர்த்துக்கொள்ளவும். கர்னலின் பதிவுகளை ஜர்னல்சிடிஎல் கட்டளை வழியாக எடுக்கலாம். கணினி உறைந்து அணைத்து இயக்க நேர்ந்திருந்தால், இப்போதைய பதிவு எதையும் சொல்லாது, முந்தைய தொடக்கத்தின் பதிவைக் கேட்டு எடுக்க வேண்டும். பதிவில் சிவப்பாகத் தெரியும் வரிகளை மட்டும் வெட்டி ஒட்டாதீர்கள். காரணம் பெரும்பாலும் அதற்குப் பத்து வரி முன்னால் சாதுவாக உட்கார்ந்திருக்கும்.

பதில் தருபவர் ஒரு கட்டளையைக் கொடுத்தால், அது என்ன செய்யும் என்று கையேட்டில் பார்த்துவிட்டு இயக்குங்கள். இணையத்திலிருந்து ஒரு கோப்பை இறக்கி நேரே நிர்வாகி உரிமையோடு ஓடவிடும் ஒற்றை வரிக் கட்டளைகளை, யார் சொன்னாலும், அப்படியே இயக்க வேண்டாம்.

வழங்கலின் கர்னலில் காணும் சிக்கலை முதலில் வழங்கலின் பிழைப் பதிவேட்டில்தான் தெரிவிக்க வேண்டும். அந்தக் கர்னலில் அவர்கள் செய்த மாற்றங்கள் கர்னல் உருவாக்குநர்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. சிக்கல் மூலக் கர்னலிலேயே இருக்கிறது என்று உறுதியான பின் அங்கே செல்லலாம். அங்கே முதலில் கேட்கப்படுவது உங்கள் கர்னல் கறைபட்டதா என்பது. ஜிபிஎல்லுக்கு ஒவ்வாத கூறு ஒன்று ஏற்றப்பட்டவுடன் கர்னல் தன் மேல் ஒரு குறி இட்டுக்கொள்கிறது. மரத்துக்கு வெளியே உள்ள கூறுக்கு வேறொரு குறி உண்டு. கர்னலின் நிலையைக் காட்டும் பிராக் கோப்புமுறையில் அதன் கறை மதிப்பு 0 என்றால் கறை இல்லை. மூடிய கூறு 1 என்ற மதிப்பையும் வெளிக்கூறு 4096 என்ற மதிப்பையும் கூட்டும், ஆகவே 4097 என்று கண்டால் இரண்டும் உள்ளன என்று பொருள். மூடிய நிரல் கர்னலின் நினைவகத்தில் எதை வேண்டுமானாலும் மாற்றியிருக்கலாம், அதைத் தங்களால் பார்க்க முடியாது என்பதால், அந்தக் கூறு இல்லாமல் சிக்கலை மீண்டும் நிகழ்த்திக் காட்டும்படி உருவாக்குநர்கள் கேட்கிறார்கள். இது பிடிவாதம் போலத் தோன்றினாலும் அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது.

பழைய கர்னலில் வேலை செய்து புதியதில் உடைந்தது என்றால் உங்கள் கையில் வலுவான ஆதாரம் இருக்கிறது. நிரல் மாற்றங்களைப் பதிவு செய்யும் கிட் கருவியின் இருகூறாக்கல் வசதி, நன்றாக இருந்த பதிப்புக்கும் உடைந்த பதிப்புக்கும் நடுவில் உள்ள மாற்றங்களைப் பாதி பாதியாகப் பிரித்துச் சோதிக்க வைக்கிறது. அடுத்தடுத்த இரண்டு வெளியீடுகளுக்கு இடையில் பத்தாயிரத்துக்கு மேல் மாற்றங்கள் இருந்தாலும், ஏறத்தாழ 14 முறை கர்னலைத் தொகுத்துப் பார்த்தால் குற்றவாளியான ஒரே மாற்றம் அகப்பட்டுவிடும். ஒரு வார இறுதியை விழுங்கும் வேலைதான், ஆனால் நிரல் எழுதத் தெரியாதவரும் செய்யக்கூடியது. இந்த விவரத்தோடு அனுப்பிய புகாருக்கு, அந்த இயக்கியைப் பராமரிப்பவர் பெரும்பாலும் ஒரு சோதனை ஒட்டை (திருத்த நிரலை) அனுப்பி அதை முயன்று பார்க்கச் சொல்வார். அது பலித்தால், அந்தத் திருத்தத்தின் குறிப்பில் சிக்கலை அறிவித்தவர், சோதித்தவர் என்று உங்கள் பெயரும் இடம்பெற்றுக் கர்னல் வரலாற்றில் பதிவாகும். அடுத்த நிலைப்பதிப்பின் வழியே திருத்தம் எல்லா வழங்கல்களுக்கும் போய்ச் சேரும். மூடிய இயக்கியைக் கொண்ட சாதனத்துக்கு இந்தப் பாதை எதுவும் திறந்திருப்பதில்லை. உற்பத்தியாளரின் ஆதரவுப் பக்கத்தில் புகாரைப் பதிந்துவிட்டு அடுத்த வெளியீடு வரக் காத்திருக்க வேண்டியதுதான்.